திருப்பிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்

வெள்ளி நாணயம் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு எதில் இருந்தாலும், சில மாதங்களுக்கு ஒருமுறை இந்தச் செய்தி வந்துவிடும். "அண்ணே, அமெரிக்கன் சில்வர் ஈகிள் ஒண்ணு வாங்கினேன். முன்பக்கம் அந்தப் பொண்ணு நேரா நிக்குது. திருப்பினா கழுகு தலைகீழா இருக்கு. நூத்தி எண்பது டிகிரி எரர்தானே? என்ன விலை போகும்?" கூடவே இரண்டு புகைப்படம். நான் பார்ப்பதற்குள் நாலு பேர் வாழ்த்துச் சொல்லியிருப்பார்கள். ஒருவர் "தர்றீங்களா?" என்றுகூடக் கேட்டிருப்பார்.

அந்தக் கொண்டாட்டத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். அந்த நாணயத்தில் எந்தப் பிழையும் இல்லை. கழுகு தலைகீழாகத்தான் தெரிய வேண்டும். நேராகத் தெரிந்திருந்தால்தான் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். அதையும் சந்தோஷத்தில் செய்திருக்க மாட்டேன், சந்தேகத்தில்தான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அச்சு திரும்பிப்போகும் இந்த டை ரொட்டேஷன் விஷயத்தைப் பற்றி ஒருமுறை விரிவாக எழுதிவிட்டால், அடுத்த முறை இணைப்பை மட்டும் அனுப்பிவிடலாம் என்ற சுயநலத்தில் எழுதும் பதிவு இது.

நேர் எது, தலைகீழ் எது?

பையில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயத்தை எடுங்கள். சிங்கத் தலை நேராகத் தெரியும்படி வைத்து, மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாகத் திருப்புங்கள். பின்பக்கமும் நேராக இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010 என்று பொறித்து வந்த 1000 ரூபாய் வெள்ளி நாணயம் உங்களிடம் இருந்தால் அதையும் இப்படித் திருப்பிப் பாருங்கள். 35 கிராம், 80 சதவீத வெள்ளி, 44 மில்லிமீட்டர் அகலம் என்பதால் பிடித்துத் திருப்ப வசதியாக இருக்கும். ஒரு பக்கம் கோயில் நேராக நின்றால் மறுபக்கம் சிங்கங்களும் நேராக நிற்கும்.

இந்த ஏற்பாட்டைச் சேகரிப்பாளர்கள் மெடல் அலைன்மெண்ட் என்பார்கள். இந்தியா, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா எல்லாம் இன்று இந்த வழிதான். பிரிட்டானியா, மேப்பிள் லீஃப், கங்காரு, பில்ஹார்மோனிக் என்று நாம் அவுன்ஸ் கணக்கில் வாங்கும் வெள்ளி நாணயங்களில் பெரும்பகுதி இதற்குள் வந்துவிடும்.

அமெரிக்கா வேறு கட்சி. அங்கே பூவும் தலையும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இருக்கும். பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாகத் தெரியும். மேலிருந்து கீழாகத் திருப்பினால் நேராகத் தெரியும். இதற்குப் பெயர் காயின் அலைன்மெண்ட். சில்லறைக் காசிலிருந்து 1986-இல் தொடங்கிய சில்வர் ஈகிள் வரைக்கும் அவர்களுக்கு இதுதான் முறை. நம் கை பிறந்ததிலிருந்து பக்கவாட்டில் திருப்பியே பழகியது. அந்தப் பழக்கத்தோடு அமெரிக்க நாணயத்தைத் திருப்பினால் 180 பாகை பிழை கிடைத்துவிட்டதாகத்தான் தோன்றும்.

ஆக, முதல் பாடம் இதுதான். நாணயம் திரும்பியிருக்கிறதா என்று கேட்பதற்கு முன், அந்த அக்கசாலையின் வழக்கம் என்ன என்று கேளுங்கள். வழக்கம் தெரியாமல் பிழை தெரியாது.

பழைய காலத்து நாணயங்களில் இது இன்னும் தெளிவாகப் புரியும். கையில் அச்சைப் பிடித்துச் சம்மட்டியால் அடித்த காலத்தில், பல இடங்களில் மேல் அச்சு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று யாரும் கவலைப்படவில்லை. ஒரே அரசனின் ஒரே வகை நாணயம் பத்தை எடுத்தால் பத்தும் பத்துத் திசையில் இருக்கும். அவற்றை யாரும் எரர் என்று விற்பதில்லை. ஆய்வாளர்கள் அந்தக் கோணத்தைக் கடிகார மணிக்கணக்கில் குறித்து வைக்கிறார்கள்: 12 மணி என்றால் இரண்டு பக்கமும் ஒரே நேர், 6 மணி என்றால் நேர் எதிர். எகிப்தை ஆண்ட தாலமிகளின் நாணயங்கள் பெரும்பாலும் 12 மணியிலேயே நிற்கின்றன. அங்கே அச்சுகளை ஒழுங்காகப் பொருத்தி அடித்திருக்கிறார்கள் என்பது அதிலிருந்து தெரிகிறது. அப்படி ஒழுங்கு வைத்த இடத்தில்தான் கோணம் மாறிய ஒரு நாணயத்தைப் பார்த்து ஏன் என்று கேட்க முடியும்.

அச்சு எப்படித் திரும்புகிறது?

ஒரு நாணயம் அடிக்க இரண்டு அச்சு வேண்டும். ஒன்று அசையாமல் இருக்கும், மற்றொன்று வந்து அடிக்கும். நடுவே வெற்று வில்லை. அதைச் சுற்றி காலர் என்ற எஃகு வளையம். அடி விழும்போது வெள்ளி இரண்டு அச்சின் பள்ளங்களுக்குள்ளும் பாய்கிறது. பக்கவாட்டில் பிதுங்குவது காலரில் முட்டி நிற்கிறது. விளிம்பில் உள்ள வரிகள் அந்தக் காலரின் உட்புறத்திலிருந்து வருபவை.

அச்சு உருளை வடிவம். அதைப் பிடிக்கும் இருக்கையும் வட்டம். வட்டத்துக்குள் வட்டத்தை வைத்தால் எந்தப் பக்கமும் சுழலும். அதைத் தடுக்கத்தான் அச்சின் தண்டில் ஒரு பக்கத்தைத் தட்டையாகச் சீவுவார்கள், அல்லது ஒரு வெட்டு போடுவார்கள். இருக்கையில் அதற்கு ஏற்ற பிடிப்பு இருக்கும். ஒரு திருகு அதை இறுக்கும்.

தப்பு நடக்க மூன்று இடம் இருக்கிறது. தட்டைப் பகுதியைச் சீவும்போதே படத்துக்கும் அதற்கும் கோணம் மாறியிருக்கலாம். அச்சைப் பொருத்துபவர் திசை மாற்றிப் பொருத்தியிருக்கலாம். இந்த இரண்டிலும் அந்த அச்சு கழற்றப்படும்வரை அடித்த எல்லா நாணயமும் ஒரே கோணத்தில் இருக்கும்.

மூன்றாவதுதான் சுவாரசியம். ஓட்டத்தின் நடுவே திருகு தளர்கிறது. போல்ட் இளகிய சைக்கிள் ஹேண்டில்பார் தெரியுமல்லவா? ஒரே நாளில் கோணிவிடாது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். அச்சும் அப்படித்தான், அடி விழ விழ நகர்கிறது. அதனால் ஒரே அச்சு ஜோடியிலிருந்து 10 பாகை, 25 பாகை, 70 பாகை என்று பல கோணங்களில் நாணயம் வரும். அச்சில் இருக்கும் சின்னக் கீறல், வெடிப்பு போன்ற அடையாளங்களை வைத்து இவையெல்லாம் ஒரே அச்சின் பிள்ளைகள் என்று பொருத்திப் பார்ப்பது சிலருக்குத் தனிப் பொழுதுபோக்கு. கோண வரிசையில் அடுக்கினால் திருகு தளர்ந்த கதை அப்படியே வரும்.

எந்தப் பக்க அச்சு திரும்பியது? வட்ட நாணயத்தை வைத்துக்கொண்டு இதைச் சொல்லவே முடியாது. பின்பக்கம் திரும்பியது என்று நாம் சொல்வதெல்லாம் ஒரு வசதிக்காகத்தான். ஆஸ்திரேலியாவின் 50 சென்ட் மாதிரி பன்னிரண்டு பக்கம் கொண்ட நாணயமாக இருந்தால் விளிம்பின் மூலைகளோடு ஒப்பிட்டு எது நகர்ந்தது என்று பிடித்துவிடலாம். 2021-இன் நடுவில் சில்வர் ஈகிளுக்குப் புதிய வடிவம் வந்தபோது, கள்ள நாணயத்தைத் தடுக்க விளிம்பு வரியில் ஓர் இடைவெளி விட்டார்கள். ஒப்பிட ஒரு மூன்றாவது புள்ளி அதில் கிடைத்திருக்கிறது.

இவ்வளவு பெரிய தப்பை ஏன் யாரும் பார்ப்பதில்லை?

காரணம், இந்தப் பிழையில் இரண்டு பக்கமும் குறையில்லாமல் இருக்கும். மையம் தப்பி அடித்த நாணயம் பார்த்த மாத்திரத்தில் கண்ணை உறுத்தும். வில்லை சரியில்லாமல் அடித்தால் எடை காட்டிக்கொடுக்கும். அச்சு திரும்பினால் அப்படி எதுவும் தெரியாது. முன்பக்கம் பளிச்சென்று இருக்கும், பின்பக்கமும் பளிச்சென்று இருக்கும். தப்பு இரண்டுக்கும் நடுவிலான உறவில் இருக்கிறது. அதை எந்த ஒரு பக்கத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

முதலீட்டுக்காக அடிக்கும் வெள்ளியின் பயணத்தையும் யோசித்துப் பாருங்கள். சில்வர் ஈகிள்கள் 20 நாணயம் கொண்ட குழாயில் அடைபட்டு, 25 குழாய் சேர்ந்து 500 நாணயம் கொண்ட பச்சைப் பெட்டியாக வெளியே வருகின்றன. வாங்குபவர் குழாயைத் திறப்பதே அரிது. திறந்தாலும் வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

புரூஃப் நாணயங்களில் இது இன்னும் அரிது. அவற்றை மெதுவாக, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அடிப்பார்கள். கையுறை போட்ட ஆள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். இரண்டு அடிக்கு நடுவே அச்சு நகர்ந்தால் படம் இரட்டையாக விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பொருத்தும்போதே திசை மாறிப்போன அச்சு புரூஃபிலும் ஏமாற்றக்கூடியதுதான்.

1989-இன் அமெரிக்கக் காங்கிரஸ் டாலர்

இந்தத் துறையில் எல்லோரும் காட்டும் நாணயம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் 1789-இல் கூடத் தொடங்கி இருநூறு ஆண்டு ஆனதற்காக 1989-இல் வெளியிட்ட வெள்ளி டாலர். 90 சதவீத வெள்ளி, 26.73 கிராம், 38.1 மில்லிமீட்டர். முன்பக்கம் கேபிட்டல் கட்டடத்தின் குவிமாடத்தின் மேல் நிற்கும் சுதந்திரச் சிலை. பின்பக்கம் பிரதிநிதிகள் சபையின் செங்கோல். இரண்டையும் வடிவமைத்தவர் வில்லியம் வுட்வர்ட்.

புரூஃப் வகையைச் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தார்கள்: 7,62,198 நாணயங்கள். சாதாரணப் பளபளப்பில் டென்வர் அக்கசாலை அடித்தது 1,35,203. இந்த டென்வர் நாணயங்களில் மிகச் சிலவற்றில்தான் பின்பக்கம் 180 பாகை திரும்பியிருக்கிறது.

இதை நம்மூர்க் கண்ணோடு பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பிழையில்லாத காங்கிரஸ் டாலரைப் பக்கவாட்டில் திருப்பினால் செங்கோல் தலைகீழாகத் தெரியும். பிழையான டாலரை அதேபோல் திருப்பினால் செங்கோல் நேராக, அழகாக, நம் ஒரு ரூபாய் மாதிரியே தெரியும். அதாவது அமெரிக்கரின் கையில் உறுத்தும் நாணயம் நம் கையில் உறுத்தவே உறுத்தாது. நம்மில் ஒருவர் அதை ஒரு குவியலிலிருந்து எடுத்து, திருப்பிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று திரும்ப வைத்துவிடுவார்.

நாணயம் அக்கசாலையிலிருந்தே காப்சூலில், பெட்டியோடு வந்தது. வாங்கியவர்களில் பலர் முன்பக்கத்தைப் பார்த்து மூடி வைத்தவர்கள்தான். பிழையில்லாத டாலர் இன்று கிட்டத்தட்ட அதில் உள்ள வெள்ளியின் விலைக்கே கிடைக்கிறது. திரும்பியது அதைவிடப் பல மடங்கு. ஆனாலும் கடைகளில் இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும்.

இந்த நாணயத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு மரியாதை? நானாக யோசித்ததைச் சொல்கிறேன். ஒன்று, கோணம் அரைகுறையாக இல்லை, முழுசாக எதிர்ப்பக்கம். இரண்டு, விலைப்பட்டியல்களில் தனி வரியாக ஏறிவிட்டது. பட்டியலில் இடம் கிடைத்த பிழைக்குத்தான் நிலையான விலை. அந்த வரியை நிரப்ப வேண்டும் என்று நினைக்கும் ஆட்கள் எப்போதும் இருப்பார்கள். 2008-இல் வெஸ்ட் பாயிண்ட் அக்கசாலையில் அடித்த சில்வர் ஈகிளில் ஒரு பகுதிக்கு முந்தைய ஆண்டின் பின்பக்க அச்சைப் போட்டுவிட்டார்கள். சுமார் 47,000 என்று அக்கசாலையே மதிப்பிட்டது. எண்ணிக்கை அவ்வளவு இருந்தும் அதற்கு விலை இருக்கிறதென்றால், பட்டியலில் இடம் இருப்பதுதான் காரணம். 40 பாகை திரும்பிய ஏதோ ஓர் ஆண்டின் ஈகிள் உலகத்திலேயே பத்துத்தான் இருக்கலாம். ஆனால் அதைத் தேடி அலைகிறவர் இரண்டு பேர்கூட இல்லாமல் போகலாம்.

நேராகத் தெரிந்தால் முதலில் சந்தேகப்படுங்கள்

இப்போது அந்த நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் சில்வர் ஈகிள் ஒன்றைக் காட்டி, பக்கவாட்டில் திருப்பினால் கழுகு நேராகத் தெரிகிறது என்று சொன்னால், பிழை நாணயம் என்ற எண்ணம் எனக்கு இரண்டாவதாகத்தான் வரும். முதலில் வருவது கள்ள நாணயம் என்ற எண்ணம்.

அமெரிக்க வெள்ளி டாலர்களைப் போலியாக அடிப்பவர்களில் பலர் படத்தைக் கச்சிதமாக நகல் எடுப்பார்கள், இரண்டு பக்கத்தின் திசையைக் கோட்டைவிட்டுவிடுவார்கள். அவர்கள் ஊர் வழக்கப்படி இரண்டையும் நேராகப் பொருத்திவிடுவார்கள். அதனால் மெடல் அலைன்மெண்டில் இருக்கும் மார்கன் டாலரையோ சில்வர் ஈகிளையோ பார்த்தால், துள்ளிக் குதிப்பதற்கு முன் தராசை எடுங்கள்.

சில்வர் ஈகிள் ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம். அகலம் 40.6 மில்லிமீட்டர். எடை சரியாக இருந்து தடிமன் கூடியிருந்தால் உள்ளே வேறு உலோகம். தண்ணீரில் அமிழ்த்தி அடர்த்தி பார்க்கத் தெரிந்தால் 10.49-க்குப் பக்கத்தில் வர வேண்டும். காந்தத்தில் ஒட்டினால் பேச்சே வேண்டாம். ஒட்டாததால் மட்டும் வெள்ளி ஆகிவிடாது; செம்பும் ஒட்டாது. நல்ல வலுவான காந்தத்தை வெள்ளியின் மேல் சாய்த்து விட்டால் அது தயங்கித் தயங்கி இறங்கும்.

இரண்டு நாணயங்களைக் கடைந்து ஒன்றாக ஒட்டும் வித்தையும் உண்டு. மந்திர வித்தைக்காரர்களுக்கு இரண்டு பக்கமும் தலை உள்ள காசு செய்வது இப்படித்தான். விளிம்பை ஒட்டிய உள் ஓரத்தில் லென்ஸ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். மெல்லிய கோடு தெரிந்தால் முடிந்தது கதை. மேசையில் சுண்டிப் பார்த்தாலும் சத்தம் செத்துப்போய் இருக்கும்.

எப்படி அளப்பது?

பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பாகைமானி போதும். ஒரு தாளில் வட்டம் போட்டுப் பத்துப் பத்துப் பாகையாகக் கோடு இழுத்துக்கொள்ளுங்கள். நாணயம் காப்சூலில் இருந்தால் வெளியே எடுக்காதீர்கள். முன்பக்கத்தை நேராக நிறுத்தி, காப்சூலின் மேல் உச்சியில் ஒரு புள்ளி, அடியில் ஒரு புள்ளி பேனாவால் வையுங்கள். அந்த இரண்டு புள்ளியையும் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பி, வட்டத்தின் மேல் வையுங்கள். இந்திய நாணயம் என்றால் பின்பக்கத்தின் உச்சி மேலே இருக்க வேண்டும். அமெரிக்க நாணயம் என்றால் கீழே. அங்கிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதுதான் கோணம். கடிகார முள் போகும் திசையிலா, எதிர்த்திசையிலா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நாணயம் காப்சூலுக்குள் சுழல்கிறதே என்று கேட்பார்கள். சுழலட்டும். சுழன்றால் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் சுழலும். அளக்கும் நேரத்தில் மட்டும் அசையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஐந்து, பத்துப் பாகை விலகலைப் பொதுவாக யாரும் பிழையாக மதிப்பதில்லை. அடிக்கும் வேகத்தில் அந்த அளவு அசைவு சகஜம். 15 பாகைக்கு மேல் போனால் பேச்சுக்கு வரும். 45-ஐத் தாண்டினால் கண்ணுக்கே தெரியும். 90-உம் 180-உம் எல்லோரும் விரும்பிக் கேட்பவை.

வாங்கும்போது

இணையத்தில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்பவர் முன்பக்கத்தை நேராக வைத்து ஒரு படம் எடுப்பார். பின்பக்கத்தையும் நேராக வைத்து ஒரு படம் எடுப்பார். இந்த இரண்டு படத்தைப் பார்த்து உலகத்தில் யாராலும் அச்சு திரும்பியிருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. பிழை இருந்தாலும் படத்தில் மறைந்துவிடும். இல்லாத பிழையையும் பின்பக்கத்தைச் சாய்த்துப் படமெடுத்து உண்டாக்கிவிடலாம். அதனால் நாணயத்தை விரலில் பிடித்துத் திருப்பும் வீடியோவை மட்டும் கேளுங்கள், வெட்டு ஒட்டு இல்லாமல். தர மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

விலை விஷயத்தில் என் கொள்கை கறாரானது. பட்டியலில் ஏறாத சாதாரண வெள்ளி நாணயத்தில் 20, 30 பாகை திரும்பியிருந்தால் வெள்ளி விலைக்கு மேல் சிறிய தொகைதான் தருவேன். தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பி, டப்பாவில் அடைத்து, அதற்கான செலவையும் சேர்த்து விற்பவரிடம் பெரும்பாலும் பேரம் படியாது. நம் நாட்டின் இரும்புச் சில்லறைகளில் அச்சு திரும்பியவை இன்றும் கல்லாப்பெட்டியிலேயே கிடைக்கின்றன. கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் அங்கே தொடங்கலாம். முகமதிப்பு மட்டும்தான் செலவு. அளந்து பழகிய பிறகு வெள்ளிக்கு வாருங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. அமெரிக்காவில் மச்சானோ தங்கையோ இருந்தால், அங்கே நாணயக் கடைப் பக்கம் போகும்போது 1989-ஆம் ஆண்டின் டென்வர் காங்கிரஸ் டாலரைக் கேட்கச் சொல்லுங்கள். கையில் வாங்கி, நம்மூர்ப் பழக்கப்படி பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள். செங்கோல் நேராகத் தெரிந்தால், தராசில் ஒருமுறை வைத்துவிட்டு, முகத்தில் எதையும் காட்டாமல் காசைக் கொடுத்துவிட்டு வரட்டும். தலைகீழாகத் தெரிந்தால் அது நல்ல நாணயம். வெள்ளி விலைக்கு மேல் ஒரு டாலர்கூடச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.